அச்சுப்பொறிக்கு எதிரான கண்டனத் தீர்மானம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்குச் சங்கம் உண்டு, காபிக்குச் சங்கம் உண்டு, ஜீப்புக்காரர்களுக்கு ஒன்றுக்கு இரண்டாகவே உண்டு. லினக்ஸுக்கு மட்டும் ஒன்றும் இல்லாமலிருந்த குறையைச் சில ஆண்டுகளுக்கு முன் திரு. முத்துக்கண்ணன் தீர்த்து வைத்தார். 'ஏலமலைச் சாரல் லினக்ஸ் பயனர் பேரவை' என்று பெயர். சங்கம் என்று வைத்தால் ஆளாளுக்குக் கணக்குக் கேட்பார்கள், பேரவை என்றால் உட்கார்ந்து கேட்பார்கள் என்பது அவர் கருத்து.

லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியை ஓட்ட விண்டோஸ் என்று ஒன்று இருப்பது ஊருக்கே தெரியும். லினக்ஸ் அதற்கு மாற்று. இலவசம். பழைய பெட்டியிலும் ஓடும். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நல்ல சரக்கு. என் வீட்டிலும் அதுதான் ஓடுகிறது. என் எரிச்சலெல்லாம் பேரவையின் மேல்தான். நானும் அதில் சந்தா கட்டிய உறுப்பினன் என்பதால் எரிச்சல்பட எனக்கு முழு உரிமை இருக்கிறது. தவிர, கூட்டங்களில் டீ நன்றாக இருக்கும்.

தலைவர் முத்துக்கண்ணன் ஏலக்காய் வியாபாரி. 'கணினிச் செம்மல்' என்ற பட்டம் பெற்றவர். பேரவையின் சார்பில் அவரே வழங்கி, அவரே எழுந்து வந்து பெற்றுக்கொண்டார். அவருடைய ஏலக்காய் டிப்போவில் இருக்கும் கணினி விண்டோஸில்தான் ஓடுகிறது. அதைப் பற்றி ஒருமுறை கேட்டதற்கு, "தொழில் தொழில்தான், கொள்கை கொள்கைதான். ரெண்டையும் கலந்தா ரெண்டும் கெட்டுப்போகும்" என்றார். கேட்டவர் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை.

செயலாளர் கலையரசி, கல்லூரியில் விரிவுரையாளர். தொழில்நுட்பக் குழுத் தலைவர் சிவக்குமார், பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தாடி வைத்த இளைஞர். இந்த மூவரும் சேர்ந்து மாதம் ஒருமுறை 'விடுதலை விசை' என்ற இதழைக் கொண்டுவந்தார்கள். முதல் பாதி செய்திகள், மறு பாதி குறிப்புகள். செய்திகளில் தலைவர் எங்கெங்கே பேசினார் என்பது இருக்கும். குறிப்புகள் இன்னும் உபயோகமானவை. 'திரை கறுப்பாகிவிட்டதா? பதற வேண்டாம். கறுப்பு, லினக்ஸின் இயல்பான நிறம்' என்று ஒரு மாதம் வந்தது. 'ஒலி வரவில்லையா? இது பலருக்கும் உள்ளதே' என்று மறுமாதம்.

ஆண்டுதோறும் பொதுக்குழுவில் தலைவர் ஓர் அறிவிப்பு செய்வார். "இதுவே லினக்ஸ் ஆண்டு. இந்த ஆண்டோடு விண்டோஸ் வீட்டை விட்டு வெளியேறும்." ஃபிளெக்ஸ் பேனரிலும் அதுவே இருக்கும். பேனர் ஒன்றுதான். ஆண்டை மட்டும் காகிதத்தில் எழுதி மேலே ஒட்டிக்கொள்வார்கள். ஒட்டி ஒட்டி அந்த இடம் இட்லி மாதிரி உப்பியிருந்தது.

இப்படிப்பட்ட பேரவையிடம் காளீஸ்வரி போய் மாட்டிக்கொண்டாள்.

காளீஸ்வரி கல்யாணமான புதிதிலிருந்து மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போனவள். விடியுமுன் போடியில் ஜீப்பு ஏறி, போடிமெட்டு தாண்டி, பொழுது சாய்ந்து இறங்க வேண்டும். ஏலச்செடி தூரில் காய்ப்பது. பறிக்கிறவளுக்கு நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராது. ஜீப்புக்குள் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து வளைவுக்கு வளைவு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே போவார்கள். ஒரு மழை நாளில் அவள் போன ஜீப்பு வளைவில் சறுக்கி, பாதி சக்கரம் காற்றில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இறங்கி நின்றபோதே அவள் முடிவு செய்துவிட்டாள். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். பழைய கணினி ஒன்று, பிரிண்டர் ஒன்று வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்து, 'ஆன்லைன் சேவை, பிரிண்ட் அவுட்' என்று போர்டு மாட்டினாள். "இனிமே அந்த ஜீப்புல கால வச்சா எம் பேரு காளீஸ்வரி இல்ல" என்று தெருவே கேட்கச் சொன்னாள்.

அவள் கடைக்கு முக்கிய வாடிக்கையே அந்த ஜீப்புக்காரர்கள்தான். இன்சூரன்ஸ், பர்மிட், சலான் என்று காகிதம் இல்லாமல் அவர்களால் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது. அதனால் விடியும்போதே கடை திறந்திருக்கும். அவளை முன்பு மலைக்கு ஏற்றிப்போன ஒச்சப்பன் தினமும் கடை முன்னால் ஜீப்பை மெதுவாக்கி, "யக்கா, ஒரு சீட்டு இருக்கு. ஏறுறியா?" என்பான். "போடா, ஒஞ் சோலியப் பாரு" என்பாள். இது அவர்களுக்குள் காலை வணக்கம்.

போன ஐப்பசியில் அவள் கணினித் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த விண்டோஸுக்கு இனி ஆதரவு கிடையாது, புதியது இந்தப் பழைய பெட்டியில் ஓடாது என்றது. மெக்கானிக் ஒருவரிடம் கேட்டாள். புதுப் பெட்டி வாங்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்து 'விடுதலை விசை' இதழ் அவள் கைக்கு வந்தது. 'உங்கள் பழைய கணினியைக் குப்பையில் எறியாதீர்கள். எங்களிடம் கொடுங்கள். விடுதலை செய்து தருகிறோம்' என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.

அவள் போன் செய்தாள். ஒருவர் வந்து அரை மணி நேரத்தில் லினக்ஸைப் போட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தாள். பேரவை முகூர்த்த நாள் பார்த்தது.

விடுதலை விழா அவள் கடையிலேயே நடந்தது. வாசலில் பந்தல். உள்ளே குத்துவிளக்கு. லினக்ஸின் சின்னமான பெங்குயின் படத்துக்கு ரோஜா மாலை. மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, வழியில் போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, "எப்பத் தவறுனாக?" என்று மெதுவாக விசாரித்தார். சிவக்குமார் விண்டோஸை அழித்து லினக்ஸைப் போட்டார். கலையரசி விடுதலைப் பத்திரம் வாசித்தார். "இக்கணினி இன்றுமுதல் தன்னுரிமை பெற்றது. இதில் மீண்டும் அடிமை மென்பொருளை ஏற்றமாட்டேன் என உரிமையாளர் உறுதியளிக்கிறார்." காளீஸ்வரி கையெழுத்துப் போட்டாள்.

கடைசியாகத் தலைவர் எழுந்தார். புதுப்பெட்டி வாங்கினாலும் புதுவண்டி வாங்கினாலும் போடியில் பொட்டு வைக்காமல் யாரும் தொட மாட்டார்கள். லினக்ஸ் மட்டும் விதிவிலக்கா? திரைக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். விசைப்பலகைக்கு வைத்தார். பிரிண்டருக்கு வைத்தார். பிறகு வயர்களைக் கழற்றச் சொல்லிப் பெட்டியைத் திருப்பி, பின்பக்கமும் தாராளமாக வைத்தார். எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்லர் அவர். கைதட்டினோம். வயர்களை மறுபடி மாட்டி, பெட்டியைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு எல்லோரும் கேசரி சாப்பிடப் போனோம்.

மறுநாள் விடியலில் ஒச்சப்பன் இன்சூரன்ஸ் காகிதம் எடுக்க வந்தான். காளீஸ்வரி பிரிண்ட் கொடுத்தாள். கணினி ஏற்றுக்கொண்டது. பிரிண்டர் சும்மா இருந்தது. மறுபடி கொடுத்தாள். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, வயரைத் தடவிப் பிடுங்கி மாட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஒச்சப்பன் எதிர்த்த கடையான சந்திரவல்லி ஜெராக்ஸுக்குப் போய் எடுத்துக்கொண்டான்.

பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் காளீஸ்வரி எழுதினாள்: 'பிரிண்டர் வேலை செய்யல. என்ன செய்யணும்?'

இங்கே பேரவையின் கேள்வி விதியைச் சொல்ல வேண்டும். ஏலக்காயை எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பது போல, கேள்விகளையும் சலிக்க வேண்டும் என்பது தலைவர் கண்டுபிடித்த முறை. எட்டு மில்லிக் கேள்விக்குத் தலைவர் பதில் சொல்வார். ஏழு மில்லிக்குத் தொழில்நுட்பக் குழு. அதற்குக் கீழே சல்லடையில் விழுகிறதெல்லாம் பொடி. பொடிக்குப் பதில் கிடையாது, ஆனால் ஆண்டறிக்கையில் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வார்கள்.

கலையரசி முதலில் பதில் போட்டார். "'பிரிண்டர்' என்ற சொல்லைப் பேரவை ஏற்பதில்லை. 'அச்சுப்பொறி' எனத் திருத்திக் கேட்கவும்." காளீஸ்வரி திருத்திக் கேட்டாள். சலித்தார்கள். பதிப்பு எண் குறிப்பிடாததால் பொடி என்று முடிவானது.

ஆனால் உறுப்பினர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர், லினக்ஸிலேயே உபுண்டு என்ற வகையைப் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது என்றார். இன்னொருவர், போட்டிருப்பதே உபுண்டுதான், அதனால்தான் தொல்லை, டெபியன் போட வேண்டும் என்றார். ஆர்ச் என்ற லினக்ஸைப் பயன்படுத்தும் ஒருவர், தான் ஆர்ச் பயன்படுத்துவதாக மட்டும் தெரிவித்துக்கொண்டார். தேவாரத்துக்காரர் ஒருவர், "எதற்காக அச்சிட வேண்டும்? மரங்களை நினைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அவருக்குத்தான் அதிகக் கைதட்டல் விழுந்தது. பொழுது போவதற்குள் டெபியன் அணி தனிக் குழு தொடங்கிவிட்டது.

காளீஸ்வரி சிவக்குமார் வீட்டுக்கே போய் நின்றாள். அவர் இரக்கப்பட்டுக் கடைக்கு வந்தார். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, என்னென்னவோ எழுத்துகளை அடித்தார். வரிகள் ஓடின. வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டு பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அக்கா, இங்க பிரிண்டரே இல்ல."

"என்ன தம்பி சொல்றீக? இந்தா இருக்குல்ல." காளீஸ்வரி அதன் தலையில் தட்டிக் காட்டினாள்.

"அது ஒங்க கண்ணுக்கு இருக்கு. சிஸ்டத்துக்கு இல்ல."

"எங் கண்ணுக்கு இருக்குறது அதுக்கு ஏன் இல்ல?"

"பொட்டிபுரத்து மலையக் கொடஞ்சு ஒரு துகளப் பிடிக்கணும்னு சொன்னாங்கள்ல? அது மாதிரிதான். இருக்கும். ஆனா எதுலயும் படாது."

"தம்பி, நான் ஒருக்கா வயரக் கழட்டி மாட்டிப் பாத்தேன். பெட்டிய வெளிய இழுத்து நல்லாப் பாப்பமா?"

சிவக்குமாரின் முகம் மாறிவிட்டது. "அக்கா, இத நீங்க சொன்னதா நான் யார்ட்டயும் சொல்லல. வயரக் கழட்டுறது, ஆஃப் பண்ணி ஆன் பண்றதெல்லாம் விண்டோஸ் புத்தி. நம்ம ஆளுக பெட்டியத் தொடவே மாட்டோம். பிரச்சினைய டைப் பண்ணித்தான் தீர்ப்போம். இனிமே கை வச்சீங்கன்னா நான் பொறுப்பில்ல."

உள்ளதும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. பெட்டி சுவரோரமே இருந்தது. சிவக்குமார் பிரிண்டரின் பெயரைக் கணினியில் கையாலேயே எழுதிச் சேர்த்தார். சோதனைப் பக்கம் ஒன்றை அனுப்பினார். வரவில்லை. இன்னொன்று அனுப்பினார். "அனுப்புறதெல்லாம் வரிசைல நிக்கும். ஒண்ணும் வீணாப் போகாது" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். பிறகு தினமும் ஒரு தொழில்நுட்பக் குழு உறுப்பினர் வந்து, கறுப்புத் திரையைப் பார்த்து, ஒரு சோதனைப் பக்கத்தை வரிசையில் நிறுத்திவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். முதலில் பார்த்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். "அவுக கை வச்ச மெஷினா? வேணாம் தாயி" என்று போனை வைத்துவிட்டார்.

ஜீப்புக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்த்த கடைக்குப் பழகினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. செக்போஸ்ட்டில் போய் எங்கள் காகிதம் வரிசையில் நிற்கிறது என்று சொல்ல முடியுமா?

ஒரு நாள் கலையரசியிடமிருந்து போன் வந்தது. குரங்கணியில் பேரவையின் பயிற்சி முகாம், கேள்வியை நேரில் வைத்தால் மேல் சல்லடைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றார். குரங்கணிக்கு ஜீப்பில்தான் போக வேண்டும். ஒச்சப்பன் ஜீப்பைத்தான் பேசியிருந்தார்கள். காளீஸ்வரி கொஞ்ச நேரம் படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வழி முழுக்கக் கம்பியைப் பிடித்த கை விடவில்லை. அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்கு அந்த முகாமில் டீ இறங்கவில்லை.

முகாம் காபித் தோட்டத்துக்குள் நடந்தது. செல்போன் சிக்னல் இல்லை. "இணையம் இல்லாத இடத்தில் இணையத்திலிருந்து மென்பொருளை இறக்குவது எப்படி" என்பதுதான் காலை அமர்வு. கட்டளைகளை ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொன்னோம். தொண்டை வறண்டதே தவிர ஒன்றும் இறங்கவில்லை. மதியத்துக்கு மேல் காளீஸ்வரியின் கேள்வி என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. ஆனால் சாப்பாட்டின்போது உபுண்டு அணிக்கும் டெபியன் அணிக்கும் அப்பளம் பரிமாறுவதில் தொடங்கிய பேச்சு முற்றி, ஒருவர் இலையோடு எழுந்துபோய் வேறு மரத்தடியில் உட்கார்ந்தார். சமாதானம் செய்து முடிப்பதற்குள் மழை வந்தது. மழையோடு அட்டை வந்தது. தலைவர் வேட்டியை உதறிக்கொண்டே, "அக்கேள்வி பொதுக்குழுவுக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்று அறிவித்துவிட்டு ஜீப்புக்கு ஓடினார்.

திரும்பி வந்து இறக்கிவிடும்போது ஒச்சப்பன் கேட்டான். "யக்கா, குரங்கணிக்கு ஏறிட்டேல்ல. பயம் விட்டுப் போச்சு. மெட்டுக்கு எப்ப வர்றே?"

வழக்கமான பதிலை அவள் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம பொதுக்குழு இருக்கு. அதுலயும் சரியாகலேன்னா திங்கக்கெழம ஒரு சீட்டு வச்சிரு" என்றாள். ஒச்சப்பனுக்குச் சிரிப்பு போய்விட்டது. தினமும் கேட்டதற்கு இப்படி ஒரு நாள் பதில் வரும் என்று அவன் நினைக்கவில்லை.

பொதுக்குழுவுக்கு முன்தினம் கலையரசி கடைக்கு வந்தார். கையில் இரண்டு வேலை. 'விடுதலை விசை'யின் புது இதழ் தயாராகிவிட்டது. அதில் 'அச்சுப்பொறி இயங்காவிட்டால் செய்ய வேண்டியவை' என்று மூன்று பக்கக் கட்டுரை.

"அப்பாடா. என்ன மேடம் செய்யணுமாம்?" என்று காளீஸ்வரி ஆவலாகக் கேட்டாள்.

"வாய்மொழியாகக் குறிப்புகளைத் தருவதில்லை, அம்மா. இதழ் அச்சாகி வந்ததும் படித்துக்கொள்ளுங்கள்."

"எங்க அச்சாகும்?"

"விடுதலை பெற்ற கணினியில்தான் இனி இதழை அச்சிட வேண்டும் என்பது பேரவையின் புது விதி. இப்போதைக்கு விடுதலை பெற்ற கடை இது ஒன்றுதான். ஆகவே இங்கேதான்."

காளீஸ்வரி அவரைப் பார்த்தாள். அவர் புன்னகையோடு இதழை அச்சுக்கு அனுப்பினார். அது வரிசையில் போய் நின்றது.

இரண்டாவது வேலை, தீர்மானம். குற்றம் பேரவையிடம் இல்லை, லினக்ஸிடம் இல்லை, காளீஸ்வரியிடமும் பெரிதாக இல்லை, எனவே அச்சுப்பொறியிடம்தான் இருக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருந்தது. அதைக் கண்டித்துப் பொதுக்குழுவில் தீர்மானம். தீர்மானத்தின் பிரதி உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் இருந்தால்தான் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று இன்னொரு விதி. கலையரசி உறுப்பினர் எண்ணிக்கைக்குப் பிரதிகளை அனுப்பினார். அவையும் வரிசையில் நின்றன.

"வராது மேடம்" என்றாள் காளீஸ்வரி.

"வராது என்பதற்காக விதியை மீற முடியுமா?" என்றார் கலையரசி.

ஞாயிற்றுக்கிழமை அதே தெருவில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு கூடியது. பேனரில் புது ஆண்டு ஒட்டப்பட்டிருந்தது. காளீஸ்வரி கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் இணை உறுப்பினர். கேட்கலாம், கைதட்டலாம், வாக்களிக்க முடியாது.

தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"தோழர்களே! இதுவே லினக்ஸ் ஆண்டு! இந்த ஆண்டு நாம் நூற்றுக்கணக்கான கேள்விகளைச் சலித்திருக்கிறோம். பதில் சொன்னோமா என்று சிலர் கேட்கிறார்கள். பதில் யாரும் சொல்லலாம். சலிக்க நம்மால்தான் முடியும்!"

கைதட்டல். அவர் சூடாகிவிட்டார். சூடானால் மேடைத் தமிழ் போய் டிப்போத் தமிழ் வந்துவிடும்.

"ஒரு பிரிண்டர், ஒரே ஒரு பிரிண்டர், நமக்குக் கெட்ட பேர் வாங்கித் தரப் பாக்குது. கேக்குறேன், அந்தக் கம்ப்யூட்டருக்கு நாம என்ன கொற வச்சோம்? பந்தல் போட்டோம். வெளக்கு ஏத்துனோம். மத்தவுகன்னா முன்னாடி ஒரு பொட்ட வச்சுட்டுப் போயிருப்பாக. நான் அப்பிடியா? பெட்டியத் திருப்பச் சொன்னேன். பின்னாடி பாத்தா வரிசையா ஓட்டை ஓட்டையா இருக்கு. கண்ணு கிண்ணு பட்டுறக் கூடாதுன்னு, ஒரு ஓட்டை விடாம, மறையூர்ச் சந்தனத்த இந்த மோதிர வெரலால அமுக்கி அமுக்கி வச்சேன்! காத்து போக எடமில்லாம நெரப்புனேன்! இதுக்கு மேல ஒரு தலைவன் என்ன செய்ய முடியும்?"

மண்டபம் அதிர்ந்தது. முதல் வரிசையில் சிவக்குமார் எழுந்து நின்று கைதட்டினார்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஐயா, ஓட்டைக்கு மேலயா, உள்ளயா?"

தலைவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். காளீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். அவர் பெருந்தன்மையோடு சிரித்தார். "உள்ளயேதாம்மா. மேலாக்க வச்சா உதுந்துரும்ல?"

காளீஸ்வரி வெளியே நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

கடையைத் திறந்தாள். கரண்டை நிறுத்திப் பெட்டியைச் சுவரோரத்திலிருந்து இழுத்துத் திருப்பினாள். பின்பக்கம் பிரிண்டர் வயரை உருவினாள். அதன் நுனியில் மஞ்சளாகக் காய்ந்த சந்தனம் ஒட்டிக்கொண்டு வந்தது. துளைகள் எல்லாமே அடைத்திருந்தன, சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டையைப் பூசினாற்போல. கரண்ட் வயரும் திரை வயரும் ஊசி குத்தி இறங்கும் ரகம் என்பதாலும், விசைப்பலகை வயர் முன்பக்கம் மாட்டியிருந்ததாலும் அவை மட்டும் தப்பியிருந்தன. தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றித் தரையில் உட்கார்ந்து சுரண்டத் தொடங்கினாள். கடை முழுக்கக் கோயில் வாசனை. சுரண்டச் சுரண்ட அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அழுகையா ஆத்திரமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஊதினாள். துடைத்தாள். வயரை மாட்டிக் கரண்டைப் போட்டாள். கணினி எழுந்தது. பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு கர்ர்ர் என்றது.

முதலில் ஒச்சப்பனின் இன்சூரன்ஸ் காகிதம் வந்தது. மறுபடியும் அதே காகிதம் வந்தது. பின்னால் சோதனைப் பக்கங்கள் வந்தன. சிவக்குமாருடையது, அவருக்குப் பிறகு வந்தவருடையது, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார் என்று நாங்கள் நினைத்தவருடையதுகூட. வந்துகொண்டே இருந்தன. காளீஸ்வரி காகிதக் கட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள். 'விடுதலை விசை' வந்தது. அச்சுப்பொறி இயங்காவிட்டால் செய்ய வேண்டியவை என்னும் கட்டுரையை நின்றபடியே படித்தோம். 'முதலில் அச்சுப்பொறி இயங்குகிறதா என்று பார்க்கவும்' என்று தொடங்கி, 'மேலும் விவரங்களுக்குப் பேரவையை அணுகவும்' என்று முடிந்தது. கடைசியாகத் தீர்மானத்தின் பிரதிகள், ஒன்றுகூடக் குறையாமல், ஓரம் பிசகாமல் வந்து விழுந்தன.

அவற்றை அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தாள். அப்போதுதான் கலையரசி ஒரு சிக்கலை எழுப்பியிருந்தார். உறுப்பினர் கையில் பிரதி இல்லாமல் வாக்கெடுப்பு நடத்த விதியில் இடமில்லை. தலைவர் விதிவிலக்கு அளிக்கலாமா என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது.

காளீஸ்வரி வரிசை வரிசையாகப் போய் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தாள். தலைவருக்கும் கொடுத்தாள். தாள் இன்னும் சூடாக இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார்.

"விடுதலை பெற்ற கணினியோடு ஒத்துழைக்க மறுத்து, இன்றுவரை ஒரு தாளைக்கூட அச்சிட இயலாத மேற்படி அச்சுப்பொறியை இப்பேரவை வன்மையாகக் கண்டிக்கிறது."

கூட்டத்தில் சிலர் தாளைப் பார்த்தார்கள். பிறகு காளீஸ்வரியைப் பார்த்தார்கள். மறுபடி தாளைப் பார்த்தார்கள். சிவக்குமார் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"ஐயா, பிரிண்டர் ஓடிருச்சு. நீங்க வச்ச சந்தனந்தான் அடச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றாள் காளீஸ்வரி.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"இணை உறுப்பினரின் கருத்து குறிப்பில் ஏற்றப்படுகிறது" என்றார் கலையரசி. "பிரதி அனைவர் கையிலும் இருக்கிறது. விடுதலை பெற்ற கணினியில் அச்சானது. இனி வாக்கெடுப்புக்குத் தடையில்லை."

தலைவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். தாளைத் தூக்கிப் பிடித்தார். "அச்சு ரொம்பத் தெளிவா இருக்கு" என்று பாராட்டிவிட்டு, "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு தாள் இருந்தது. எங்கே போனாலும் கூட்டத்தோடு கை தூக்கியே எனக்குப் பழக்கம். அன்று மட்டும் என் கை எழவில்லை. யாரும் கவனிக்கவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக அறிவித்தார்கள். டீ வந்தது.

காளீஸ்வரி டீக்கு நிற்கவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் ஒச்சப்பன் ஜீப்பைக் கடை முன்னால் நிறுத்தினான். இந்த முறை மெதுவாக்கவில்லை, முழுதாகவே நிறுத்தினான். உள்ளே பெண்கள் நெருக்கிக்கொண்டு ஓரமாக ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவன் இறங்காமல், அவளை நேராகப் பார்க்காமல், "சீட்டு வச்சிருக்கேன் யக்கா" என்றான்.

கடைக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காளீஸ்வரி ஒரு தாளோடு படியில் வந்து நின்றாள்.

"எறங்கி வா. அன்னைக்கு நீ கேட்ட இன்சூரன்ஸ் பேப்பர் வந்துருச்சு. ரெண்டு காப்பியா வந்துருக்கு."

ஒச்சப்பன் தாளை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். "என்னக்கா, விபூதி வாசமா, சந்தன வாசமா அடிக்கிது?"

"வெரசாப் போ. பொம்பளைக காத்துருக்காக."

"அப்ப சீட்டு?"

"அத யாராவது கால நீட்டி ஒக்காரட்டும்."

உள்ளேயிருந்து ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஜீப்பு போடிமெட்டுப் பக்கம் திரும்பி ஏறத் தொடங்கியது. முதல் வளைவில் அதன் பின்விளக்கு மறையும்வரை காளீஸ்வரி படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்ப் பிரிண்டர் நெற்றியில் இன்னும் காய்ந்துகிடந்த பொட்டை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள்.